எட்டி வைக்காதீர்கள்!
காலை ஓட்டம்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

புளியரை, கூடலூர், கொழிஞ்சாம்பாறை, நீரோடி என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் இவை. பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: பாதம் தரையில் எங்கே படுகிறது? அதனால் அந்தப் பதிலை முதலில் வைத்து, கொஞ்சம் நீட்டியே சொல்லியிருக்கிறோம்.

வயது 38. புளியரையிலிருந்து செங்கோட்டை ரோட்டில் தினமும் 5 கி.மீ. ஓடுகிறேன், 35 நிமிடம் ஆகிறது. நான் வருவது தெருமுனையிலேயே கேட்கிறது என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இரண்டு மாதமாக முழங்கால் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது அதிகம். குதிகாலை ஊன்றி ஓடுவதுதான் காரணம், முன்பாதத்துக்கு மாறு என்கிறார் நண்பர். மாறலாமா?
– புளியரை வாசகர்

மாற வேண்டாம். பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, உடம்புக்கு எவ்வளவு முன்னால் போய்ப் படுகிறது என்பதுதான் உங்கள் முழங்காலுக்கு முக்கியம். சாலையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் குதிகாலை ஊன்றித்தான் ஓடுகிறார்கள். அது குற்றமில்லை. முழங்கால் நீண்டு, பாதம் முன்னே எட்டிப்போய், குதிகால் தரையில் குத்துவதுதான் கோளாறு. ஓடுகிற வண்டிக்கு ஒவ்வொரு சுற்றிலும் முட்டுக்கட்டை போட்டு எடுப்பதைப் போன்றது அது. மடங்காத முழங்கால்தான் அந்த அடி முழுவதையும் வாங்குகிறது. தெருமுனை வரை கேட்கும் சத்தமும் அதுதான்.

நண்பர் சொல்வதுபோல் திடீரென்று முன்பாதத்துக்கு மாறினால் முழங்காலுக்குச் சுமை குறையும், உண்மை. ஆனால் குறைந்த சுமை கெண்டைக்காலுக்கும், குதிகாலுக்கு மேலே கயிறுபோல் ஓடும் தசைநாணுக்கும் போய்ச் சேரும். முதல் சில நாள் பிரமாதமாக இருக்கும். பிறகு ஒரு காலை எழுந்து கால் ஊன்றும்போது குதிகாலுக்கு மேல் விறைத்துப் பிடிக்கும். அந்தத் தசைநாண் ஒருமுறை கோபித்துக்கொண்டால் ஆற மாதக் கணக்காகும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கண்ணால் பாருங்கள். பத்து நிமிடம் ஓடி உடம்பு சூடான பிறகு, சமதளமான இடத்தில் ஒருவரை ஐந்தாறு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்க வையுங்கள். போனை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்து ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். உங்களைத் தொடர்ந்து திருப்ப வேண்டாம், நீங்கள் குறுக்கே கடந்தால் போதும். படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் அழகாகத்தான் ஓடுவார்கள். ஆகவே நாலைந்து முறை கடந்து, கடைசியாக எடுத்ததை மட்டும் பாருங்கள். பாதம் தரையைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். முழங்கால் லேசாக மடங்கி, கணைக்கால் ஏறக்குறைய நேர்குத்தாக நின்றால் சரி. கணுக்கால் முழங்காலைத் தாண்டி முன்னே போய், ஷூ முனை வானத்தைப் பார்த்தால் எட்டி வைக்கிறீர்கள்.

இதற்கு வைத்தியம், காலடி எண்ணிக்கையைக் கூட்டுவது. வேகம் மாறாமல் நிமிடத்துக்கு அதிக அடி வைத்தால் ஒவ்வொரு அடியும் தானாகக் குறுகும். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 39 வந்தால் 156. அதில் 5 சதவீதம் கூட்டினால் 164. போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றை 164-ல் வைத்து, வண்டிச் சத்தம் காதில் விழும்படி மெதுவாக ஒலிக்க விடுங்கள். முதல் இரண்டு வாரம், பத்து நிமிடம் வழக்கம்போல் ஓடிய பிறகு, ஒரு நிமிடம் தாளத்துக்கு, இரண்டு நிமிடம் பழையபடி. இப்படி ஐந்தாறு சுற்று. அடுத்த இரண்டு வாரம் தாளத்துக்கு மூன்று நிமிடம். அதற்கடுத்து ஐந்து. ஒன்றரை மாதத்தில் தாளம் இல்லாமலே கால் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். முழங்கால் சரியாகிவிட்டால் அங்கேயே நின்றுகொள்ளலாம். இல்லையென்றால் இன்னொரு 5 சதவீதம். அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. தாளம் கூடியதும் வேகத்தையும் கூட்டிவிடுவார்கள். உங்கள் கணக்கு கிலோமீட்டருக்கு 7 நிமிடம். புதிய தாளத்திலும் அதே 7 நிமிடம்தான் வரவேண்டும். மூச்சு வாங்கினால் அடி குறுகவில்லை, வேகம்தான் கூடியிருக்கிறது. 'பாதத்தை இடுப்புக்குக் கீழே வை' என்று மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். நிஜத்தில் பாதம் எப்போதும் இடுப்புக்குச் சற்று முன்னால்தான் படும், ஆனால் அந்த நினைப்பு போதுமான அளவுக்கு அதைப் பின்னால் இழுத்துவிடும். குனிந்து பாதத்தைப் பார்க்காதீர்கள்.

'நிமிடத்துக்கு 180 அடி' என்ற கணக்கு வராத வாட்ஸ்அப் ஓட்டக் குழு கிடையாது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணினார். ஏறக்குறைய எல்லோருமே 180 அல்லது அதற்கு மேல் வைத்தார்கள். அந்தக் கணக்கு அங்கிருந்து கிளம்பியது. அவர்கள் உலகத்தின் முதல்தர வீரர்கள், பந்தய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடும் நீங்கள் 180-ஐத் துரத்தினால் நின்ற இடத்தில் குதிப்பது மாதிரிதான் இருக்கும்.

வலி இருக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள், 3 கி.மீ. போதும். ஓடும்போது லேசாகத் தெரிந்து மறுநாள் காலையில் மறைந்துவிடும் வலியோடு ஓடலாம். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஞாயிறுதோறும் லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலைச்சாலையில் ஏறி, ஓடியே இறங்குகிறோம். ஏறும்போது அடிமுதுகு வலிக்கிறது. இறங்கிய பிறகு இரண்டு நாள் தொடை கல்லாகிவிடுகிறது. செவ்வாய்க்கிழமைதான் உட்கார்ந்து எழ முடிகிறது.
– கூடலூர் (தேனி) வாசகர்

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். ஏற்றத்தில் நீங்கள் இடுப்பில் மடங்கி, சாலையைப் பார்த்து ஓடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. சாய்வு கணுக்காலிலிருந்து வரவேண்டும்; கணுக்கால், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே கோட்டில் சாயட்டும். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால். அடியைச் சமதளத்தில் வைப்பதில் முக்கால்வாசியாகக் குறைத்து, கை வீச்சைக் கூட்டுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடங்கள். மலை ஓட்டத்தில் நடப்பது தோல்வி இல்லை, நல்ல மலை ஓட்டக்காரர்களும் செங்குத்தில் நடப்பவர்கள்தான்.

இறக்கம்தான் உங்களை அடிப்பது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பு எடையைத் தாங்குகிறது. சுருங்கி வேலை செய்வதைவிட இப்படி நீண்டபடி தாங்குவது தசை நார்களை அதிகம் கிழிக்கும். அந்த வலி அன்றைக்கே வராது, 12 முதல் 24 மணி நேரத்தில் ஏறி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய் அடங்கும். உங்கள் ஞாயிறு, செவ்வாய்க் கணக்கு அச்சாக அதுதான்.

இதில் ஒரு நல்ல செய்தி: சிறிய அளவில் ஒருமுறை இறக்கத்தைப் பார்த்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு அடி வாங்காது. ஆகவே முதல் ஞாயிறு கடைசி 500 மீட்டர் மட்டும் ஓடி இறங்குங்கள், மீதியை நடங்கள், அல்லது குமுளியிலிருந்து பஸ் ஏறுங்கள். அடுத்த வாரம் ஒரு கிலோமீட்டர். அப்படியே கூட்டிக்கொண்டு போங்கள். இறங்கும்போது பயத்தில் பின்னால் சாய்வார்கள், அப்போது பாதம் முன்னே போய் பிரேக் அடிக்கும். உடம்பு சாலைக்குச் செங்குத்தாக இருக்கட்டும், அடி சிறிதாக, விரைவாக விழட்டும். முழங்கை இரண்டும் பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்திருந்தால் நிதானம் கிடைக்கும்.

வெளிச்சம் வருமுன் அந்தச் சாலையில் ஏறாதீர்கள்; காட்டுப் பகுதி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் விடிய விடிய ஓடும், கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற பஸ்ஸுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த இரண்டு மாதம் கீழேயே சமதளத்தில் ஓடுங்கள்.

காவலர் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். 1500 மீட்டர் 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். முதல் ரவுண்டு பறக்கிறேன், மூன்றாவது ரவுண்டில் கை கழுத்து வரை ஏறி, தோள் இறுகிவிடுகிறது. 7.20-க்குக் கீழே வரவில்லை. கை வீச்சை எப்படிச் சரிசெய்வது?
– வடகரை வாசகர், தென்காசி மாவட்டம்

தம்பி, கை ஏறுவது விளைவுதான், காரணம் முதல் ரவுண்டு. 7 நிமிடத்தில் 1500 மீட்டர் என்றால் 100 மீட்டருக்கு 28 விநாடி. 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முதல் ரவுண்டை ஒன்றரை நிமிடத்தில் முடித்தால், மிச்சம் பிடித்ததாக நினைக்கும் 22 விநாடியை மூன்றாவது ரவுண்டில் வட்டியோடு கட்ட வேண்டிவரும். களைத்த உடம்பு மூச்சுக்காகத் தோளைத் தூக்குகிறது, தோளோடு கையும் ஏறுகிறது.

குறி 6.40 என்று வையுங்கள், அன்றைய பதற்றத்துக்கு 20 விநாடி கையிருப்பு வேண்டும். அதற்கு முதல் 300 மீட்டர் 1.20, பிறகு மூன்று ரவுண்டும் தலா 1.47-க்கு ஒட்டி. வாரத்தில் ஒருநாள் 400 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 1.45-ல், நடுவில் இரண்டு நிமிடம் நடை. ஐந்தாவதும் முதலாவதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும், முதலாவது 1.35-ல் வந்தால் அந்தப் பயிற்சி வீண். இன்னொரு நாள் மெதுவாக 4 கி.மீ. ஓடிய பிறகு 80 மீட்டர் விரைவோட்டம் ஆறு முறை, முழு பலத்தில் பத்தில் எட்டு பங்கு. மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் அரைமணி நேரம், ஒருநாள் ஓய்வு.

கைக்கு வருவோம். முழங்கை ஏறக்குறைய செங்கோணம். பின்னால் இழுப்பதில் மட்டும் கவனம் வையுங்கள், முன்னால் வருவது தானாக வரும். கை பின்னால் போகும்போது கால்சட்டைப் பையை உரசிப் போகட்டும். முன்னால் வரும்போது நெஞ்சுக்கு நடுவே உள்ள கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இடுப்பு எதிர்ப்பக்கம் திருகும், அந்தத் திருகலை அடக்கவே தெம்பு செலவாகும். விரல்கள் தளர்வாக மடங்கியிருக்கட்டும், நகம் உள்ளங்கையில் பதியக்கூடாது. ஒவ்வொரு 400 முடியும்போதும் இரண்டு கையையும் ஒருமுறை தொங்கவிட்டு உதறி, மூச்சை முழுதாக வெளியே விட்டால் தோள் இறங்கும்.

மைதானத்தை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பள்ளி மைதானங்களில் '200 மீட்டர்' என்பது பெரும்பாலும் குத்துமதிப்பு, சின்ன வட்டத்தில் போன் ஜிபிஎஸ்ஸும் தப்பாகக் காட்டும்.

குழித்துறைப் பக்கம் மெயின் ரோட்டில் வண்டிகளுக்கு எதிராக வலது ஓரத்தில் ஓடுகிறேன். ஒரு பக்க இடுப்பும் அதே பக்கத்து முழங்காலின் வெளிப்புறமும் மட்டும் வலிக்கிறது. கையில் போன் வைத்திருப்பதால் இருக்குமா?
– குழித்துறை வாசகி

இரண்டும் சேர்ந்திருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் சாலைமேல். மழைத் தண்ணீர் வடிய, தார்ச்சாலை நடுவே மேடாகவும் ஓரம் சரிவாகவும் போடப்படுகிறது. மழை அதிகமுள்ள உங்கள் பக்கம் இது கண்ணுக்கே தெரியும். வலது ஓரத்தில் ஓடும்போது வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். தினமும் அரைமணி நேரம் ஒரு கால் குட்டையாக ஓடியது போன்ற கணக்கு. இடுப்பு ஒருபக்கம் சாய்ந்தே இருக்கிறது.

அதற்காக இடது ஓரத்துக்குப் போகாதீர்கள். வண்டிகளுக்கு முதுகு காட்டி ஓடுவது அதைவிட ஆபத்து. தடத்தை மாற்றுங்கள்: கால்வாய்க் கரை, ஏலா (வயல்) ஓரத்து மண்பாதை, பள்ளி மைதானம். மைதானத்தில் ஒருநாள் இடச்சுற்று, மறுநாள் வலச்சுற்று. மெயின் ரோடுதான் கதி என்றால், வெள்ளைக் கோட்டுக்கு உட்பக்கமாகச் சரிவு குறைவான பட்டையில், வண்டி வராத நேரம் பார்த்து ஓடுங்கள். கூடவே ஒரு சோதனை: கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். எதிர்ப்பக்க இடுப்பு கீழே விழுந்தாலோ, மடங்கும் முழங்கால் உள்பக்கம் சாய்ந்தாலோ, நிற்கிற காலின் பிட்டத் தசை பலவீனம். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி இறக்குவது 15 முறை, மல்லாந்து முழங்கால் மடக்கி இடுப்பைத் தூக்குவது 15 முறை. பக்கத்துக்கு மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். ஆறு வாரம் விடாமல் செய்தால்தான் தெரியும்.

போனை இடுப்புப் பட்டையில் போடுங்கள். இருநூறு கிராம்தான், ஆனால் பிடித்திருக்கும் கை வீசாது. வீசாத கைக்கு எதிர்க்கால் ஈடுகட்டும்.

நாங்கள் கடற்கரைக்காரர்கள். பி.டி. உஷா மணலில் ஓடித்தான் பெரிய ஆளானார், வெறுங்காலில் மணலில் ஓடினால் ஸ்டைல் தானாக வரும் என்கிறார்கள். சரியா?
– நீரோடி வாசகர்

பய்யோளிக் கடற்கரையில் உஷா ஓடியது உண்மை. முன்னே சொன்ன அதே 1984 லாஸ் ஏஞ்சலஸில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் ஓடி, நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். ஆனால் மணல் அவருக்குப் பலம் கூட்டும் பயிற்சி; ஓட்ட முறையைக் கற்றது தடகளப் பாதையில்.

காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தெம்பு செலவாகும். பாதம் புதைந்து, தள்ளுகிற பலம் மணலுக்குள் போய்விடும். கெண்டைக்கால் பலமாகும், ஆனால் பழகாத கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளவும் செய்யும். அலை வடிந்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், அங்கே ஓடுங்கள். கடல் பக்கம் சரிவு இருப்பதால் போன வழியே திரும்பி வாருங்கள், சரிவு இரு காலுக்கும் சமமாகும். வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம் போதும். வெறுங்காலில் ஓடினால் எட்டி வைப்பது குறையும், காரணம் குத்தினால் வலிக்கும். வலை பழுது பார்க்கும் இடங்களைத் தவிருங்கள், தூண்டில் முள் மணலுக்குள் கிடக்கும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஓடவே முடியவில்லை. கிலோமீட்டருக்கு முக்கால் நிமிடம் அதிகமாகிறது.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

அந்த இரண்டு மாதம் வாட்சைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். போகும்போது மேற்கே, காற்றுக்கு எதிராக; தெம்பு குறைந்து திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். எதிர்க்காற்றில் தலையைக் குனிந்து இடுப்பை மடக்காமல், அடியைக் குறுக்குங்கள். உண்மையில் முதுகுக் காற்றுதான் ஓட்டத்தைக் கெடுப்பது, தள்ளுகிற சுகத்தில் கால் எட்டி விழும். பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும் என்பதால் ஆறு மணிக்குள் கிளம்புங்கள், தென்னந்தோப்பு ஓரம் வேண்டாம். மட்டை விழும்.

மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டு ஓட வேண்டுமா? விலாவில் பிடிக்கிறதே?
– களியக்காவிளை வாசகி

மூக்கு, வாய் இரண்டாலும் விடுங்கள். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடினால் மூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விலா பிடித்தால் வேகத்தைக் குறைத்து, மூச்சை ஆழமாக வெளியே விட்டு, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்துங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். வெறும் வயிற்றில் முடியவில்லை என்றால் முக்கால் மணி நேரம் முன்பு பாதி ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) போதும்.

புதிதாக ஓட ஆரம்பித்து ஆறு வாரம். கணைக்கால் எலும்பின் உள்ஓரம் வலிக்கிறது. ஷூவை மாற்றவா, ஸ்டைலை மாற்றவா?
– செங்கோட்டை வாசகி

முதலில் ஓட்டத்தின் அளவைக் குறையுங்கள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு இந்த வலி பெரும்பாலும் அளவு மீறியதால் வருவது. எலும்பைக் கீழிருந்து மேலாக விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் இரண்டு வாரம் பாதி தூரம், ஒருநாள் விட்டு ஒருநாள். படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 முறை, மூன்று சுற்று. ஒரே புள்ளியில் விரல் நுனி வைத்தாலே துள்ளினால், அல்லது இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்கீறல் இருக்கலாம். அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் வலி நீடித்தால் மறுபடி காட்டுங்கள்.

சாரல் காலத்தில் ஷூ காயவே மாட்டேன் என்கிறது. ஈர ஷூவோடு ஓடலாமா?
– தென்காசி வாசகர்

இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது ஒன்றுதான் வழி. ஓடி வந்ததும் உள்சோலைக் கழற்றி, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள்; பிறகு ஃபேன் காற்று. அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்தால் பசை விட்டுப்போகும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும், பாலியெஸ்டர் கலந்தது நல்லது. பாசி பிடித்த சிமெண்ட் பாதையில் திரும்பும்போது உடம்பைச் சாய்க்காமல், இரண்டு மூன்று சின்ன அடியாக வைத்துத் திரும்புங்கள்.